வைக்கிற மீனும் விடுகிற மீனும்: பத்து மாவுங் படகுச் சேவை பற்றி

மீன்பிடிப் படகுக்குச் சொல்லிவைக்கப் போன் போட்டால், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். பினாங்கின் பத்து மாவுங் படகுத்துறையிலிருந்து கிளம்பும் இந்தப் படகின் தெக்கோங், அதாவது படகோட்டி, இன்னொன்றும் கேட்கிறார். "வீட்டுல மீன் சாப்பிடறவங்க எத்தனை பேரு தங்கச்சி?" நாலு பேர் என்றேன். "அப்ப பெருசா இருந்தா ரெண்டு, சின்னதா இருந்தா நாலு. அதுக்கு மேல கிடைச்சா விட்டுருவோம். ஒரேயடியா பெருசா வந்தா அதையும் விட்டுருவோம். சம்மதம்னா சொல்லுங்க, ஐஸ் வாங்கி வைக்கிறேன்." வாடகைப் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் படகைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பிடித்த மீனை வைத்துக்கொள்வதா விடுவதா என்று தூண்டில்காரர்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம். ஆனால் மீன் படகுக்குள் வந்து விழுந்த பிறகுதான் அந்தப் பேச்சே ஆரம்பிக்கிறது. அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. யோசித்துக்கொண்டே தரையில் போட்டு வைத்த மீன் விட்டாலும் பிழைக்காது, வைத்தாலும் ருசிக்காது. தூண்டில் முள்ளைத் தண்ணீரில் இறக்கும் முன்பே முடிவெடுக்க வைக்கும் சேவை பினாங்கில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆள் என் தம்பி. நாங்கள் மூவரும் ஒரே படகில் போனால் மூன்று கட்சி. அப்பாவுக்கு மீன் என்றால் சட்டிக்குப் போவது. "தின்னாத மீனை எதுக்குப் பிடிக்கணும்? ஒரு உசிரை வாயில குத்தி இழுத்து, படம் எடுத்து, திருப்பி விடறது என்ன விளையாட்டு?" என்பார். தம்பி ஒரு மீனையும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டான். விடுவதுதான் அவனுக்குப் பெருமை. நான் அப்பாவின் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாதவள், தம்பியின் ஆசையும் புரிகிறவள். எங்கள் மூவருக்கும் ஒரே நாளில் நியாயம் செய்யும் படகு கிடைப்பது எளிதல்ல.

இதற்கு முன்பு போன வேறொரு படகைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அங்கே பிடித்ததையெல்லாம் பின்பக்கத் தொட்டியில் போட்டு வைத்தார்கள். கரை திரும்பும்போது நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மதியம் மூடியைத் திறந்து கையை விட்டேன், தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதில் அத்தனை மீன்கள் நெருக்கியடித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கெலாமா மீன்கள் வயிறு மேலே காட்டிக் கிடந்தன. ஒரு சின்ன ஜெனாஹாக் மீன் சாய்ந்து படுத்து, செவுள் மூடியை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கடலில் போட்டு "விட்டாச்சு" என்றார்கள். அது கீழே இறங்கவில்லை. நீரோட்டத்தோடு மிதந்துபோனதைக் கழுகு ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போனது. அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கேட்கும் கேள்விக்கு அன்றைக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

இந்தப் படகில் உயிர்த்தொட்டி இறாலுக்கு மட்டும்தான். மீன் வந்த அந்த நிமிடமே ஐஸ் பெட்டிக்குப் போகும், அல்லது கடலுக்குப் போகும். நடுவில் இடமில்லை.

படகு ஃபைபர் படகு. தெக்கோங்கையும் உதவிக்கு வரும் பையனையும் தவிர நாலு பேர் வசதியாக உட்காரலாம். ஆறு மணி நேரத்துக்கு 480 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார், உயிர் இறாலுக்குத் தனிக் காசு. நாலு பேராகப் பங்கு போட்டால் ஆளுக்கு 120. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயிர்காப்பு ஜாக்கெட் எல்லோருக்கும் உண்டு, அதைப் போடாமல் படகைக் கட்டவிழ்க்க மாட்டார். பெரும்பாலும் ஜெரெஜாக் தீவின் தென்பக்கமும் அமான் தீவுப் பக்கமும் போகிறார். கடல் அமைதியாக இருந்தால் கெண்டி தீவு வரைக்கும் போவாராம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கால்வாயில் ஓட்டம் பலமாக இருக்கும், தூண்டிலில் கட்டிய ஈயக்குண்டு தரையில் நிற்காது. அதனால் அஷ்டமி, நவமி பக்கமாக நாள் குறித்துக் கொடுக்கிறார். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் திதிகள் தூண்டில்காரர்களுக்கு நல்ல நாள்.

இனி முக்கியமான விஷயம், முள். உயிர் இறால் போடுவதற்கு இவர் தருவது வட்ட முள், எல்லோரும் சர்க்கிள் ஹுக் என்று சொல்வது. சாதாரண முள்ளின் நுனி மேலே பார்க்கும். இதன் நுனியோ உள்ளே வளைந்து தண்டையே பார்த்துக்கொண்டிருக்கும். மீன் இதை விழுங்கினாலும், தங்கூசியை (தூண்டில் நரம்பை) இழுக்கும்போது முள் பெரும்பாலும் தொண்டையில் மாட்டாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் திரும்பிக் குத்தும். ஆனால் ஒரு நிபந்தனை, வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அப்பாவின் கை ஐம்பது வருடமாக வெடுக்கென்று இழுத்துப் பழகிய கை. தெக்கோங் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்கிள், அது போகட்டும். கோல் தானா வளையட்டும். வளைஞ்ச பிறகு ரீலை மட்டும் சுத்துங்க" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டு இறால் போனது. மூன்றாவதில் கோல் நுனி மெல்லத் தலை குனிந்தது, பிறகு முழுசாக வளைந்தது. அப்பா சுற்ற ஆரம்பித்தார்.

முள்ளின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொடுக்கைக் குறடால் நசுக்கி வைத்திருக்கிறார். கொடுக்கு இருந்தால் கழற்றும்போது சதை கிழியும். நசுக்கிவிட்டால் வந்த வழியே கையைத் திருப்பினால் போதும். மீன் தப்பிவிடாதா என்று தம்பி கேட்டான். தங்கூசியைத் தளர விடாமல் சுற்றினால் தப்பாது என்றார். நாங்கள் பார்த்த அளவில் அது சரிதான். முள் துருப்பிடிக்கும் சாதாரண எஃகு. தப்பித்தவறி ஆழமாக விழுங்கிவிட்டால் தோண்டி எடுக்காமல் வாயருகே தங்கூசியை வெட்டிவிடுகிறார். உள்ளே இருக்கும் முள் நாளடைவில் துருப்பிடித்து உதிர்வதற்கு வாய்ப்பு உண்டு. தோண்டினால் அந்த வாய்ப்பும் கிடையாது.

கைவலை ரப்பர் வலை. முடிச்சுப் போட்ட நைலான் வலையில் மீனை அள்ளினால் துடுப்பு பிளந்துவிடும், உடம்பின் வழுவழுப்பும் உரிந்துவிடும். அந்த வழுவழுப்பு மீனுக்குக் கவசம். அது போன இடத்தில் புண் வரும். காய்ந்த கையால் பிடித்தாலும் இதே கதிதான். எனவே மீனைத் தொடும் முன் கையைக் கடல் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்பது படகின் சட்டம். அளவுப் பலகையும் ஈரமாகவே இருக்கும், பையன் நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். வெயிலில் காய்ந்த பலகையில் மீனைக் கிடத்துவது தோசைக்கல்லில் கிடத்துவது மாதிரி.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார். தம்பிக்கு ஒரு சியாக்காப், நம்மூர்க் கொடுவா, கிடைத்தது. போன் தயாராகும் வரைக்கும் மீன் வலைக்குள்ளேயே, தண்ணீருக்குள்ளேயே இருந்தது. "தம்பி, தூக்கும்போது நீங்க மூச்சைப் பிடிச்சுக்குங்க. உங்களுக்கு முட்டுச்சுன்னா அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம், உடனே இறக்கிடணும்." ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றுக்கு அடியில், மீன் படுக்கை வாட்டத்தில் இருக்க வேண்டும். தாடையில் இடுக்கியை மாட்டித் தொங்கவிட்டுப் படம் எடுப்பதை அவர் அனுமதிப்பதில்லை. தண்ணீரில் தாங்கி நிற்கிற உடம்பு, அவ்வளவு எடையையும் தாடை எலும்பில் தொங்கவிட்டால் தாங்காது. ஒரே ஒரு படம்தான். தம்பி இறக்கினான். மீன் வாலை ஒரு தரம் அடித்து, அவன் முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போனது.

வைக்கிற மீனிடமும் இதே அக்கறை தெரிகிறது. எனக்கு இந்தப் பாதிதான் ரொம்பப் பிடித்தது. அப்பாவின் மீன் 61 செண்டிமீட்டர் சியாக்காப். தெக்கோங் அதை ஈரத்துணியால் கண்ணை மூடிப் பிடித்தார். கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேலே, கூரான கம்பியை ஒரே குத்தாக இறக்கினார். மீனின் உடம்பு ஒரு தரம் விறைத்தது, வாய் அகலத் திறந்தது, துடுப்புகள் விரிந்து அடங்கின. அவ்வளவுதான். பிறகு செவுளடியில் வெட்டி, கடல் தண்ணீர் வாளியில் ரத்தத்தை வடியவிட்டு, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டிக்குள் முழுசாக அமிழ்த்தினார். ஜப்பானிய மீனவர்களின் முறை இது. துடித்துத் துடித்துச் சாகும் மீன் தன் சதையில் இருக்கும் சக்தியையெல்லாம் செலவழித்துவிடுகிறது, சதை சீக்கிரம் தளர்ந்துபோகும். ஆனால் ருசிக்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. நாம் சாப்பிடப்போகிற உயிர் வாளிக்குள் அரை மணி நேரம் வாயைத் திறந்து திறந்து மூடுவதை இத்தனை வருடம் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறோம். அப்பா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நல்ல காரியம்" என்றார்.

பிரச்சினை அடுத்த மீனில் வந்தது. அதுவும் அப்பாவுக்குத்தான். கோல் வளைந்த விதத்திலேயே தெரிந்தது. பலகையில் வைத்தபோது 88 செண்டிமீட்டர். தெக்கோங் தயங்காமல், "இதை விடணும் அங்கிள்" என்றார். இவர் படகில் சியாக்காப் 50க்குக் கீழே இருந்தாலும் விட வேண்டும், 80க்கு மேலே இருந்தாலும் விட வேண்டும். அப்பாவுக்குக் கோபம். "காசு குடுத்து வந்திருக்கேன். சின்னதை விடச் சொன்னா நியாயம். பெருசை எதுக்கு?"

"அது பொண்ணு அங்கிள்."

வாதம் நடக்கும்போது மீன் தண்ணீருக்குள் வலையில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சியாக்காப் முதலில் ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. வளர்ந்து பெரிதான பிறகு, பெரும்பாலும் 80 செண்டிமீட்டரைத் தாண்டும் சமயத்தில், பெண்ணாக மாறுகிறது. ஆக, கடலில் முட்டையிடுகிறவை ஏறக்குறைய எல்லாமே பெரிய மீன்கள்தான். நல்ல பெரிய தாய்மீன் ஒரு கோடிக்கும் மேல் முட்டை இடும். பெரியதையெல்லாம் நாம் எடுத்துக்கொண்டு போனால், மிச்சம் இருப்பவை ஆண்கள் மட்டும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதே மீனுக்குச் சட்டமே உண்டு: 58 செண்டிமீட்டருக்குக் கீழேயும் எடுக்கக் கூடாது, 120க்கு மேலேயும் எடுக்கக் கூடாது. தெக்கோங் தன் படகுக்கு ஏற்றபடி மேல் அளவை இன்னும் இறுக்கியிருக்கிறார். கெராப்பு, அதாவது களவா மீன், நேர்மாறு, அது பெண்ணாகத் தொடங்கி ஆணாக மாறுவது. அதிலும் மிகப் பெரியவற்றை எடுத்தால் ஜோடி குலைந்துவிடும்.

அப்பா மீனை விட்டார். ஆனால் மனம் ஒப்பி விடவில்லை. திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. வீட்டில் அம்மாவிடமும் சொன்னார், இன்றைக்கும் சொல்கிறார். அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. போனில் சம்மதம் சொன்னது நான், அவர் இல்லை. படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கரையிலேயே அளவுப் பலகையைக் காட்டி இந்தச் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். வயதானவர்களிடம் நடுக்கடலில் சொல்வது மரியாதைக் குறைவு போல ஆகிவிடுகிறது. இதைத் தெக்கோங்கிடம் சொன்னேன், ஏற்றுக்கொண்டார். ஆனால் மீன் விஷயத்தில் நான் தெக்கோங் பக்கம்தான்.

இவர் எல்லாவற்றையும் விடச் சொல்கிறவர் இல்லை. செவுளில் ரத்தம் கசிந்தால், மீன் சின்னதாக இருந்தாலும் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் உங்கள் கணக்கில் சேரும். ரத்தம் கொட்டும் மீனைக் கடலில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதை அவர் விடுதலை என்று ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் பக்கம் மீன் கூண்டுகள் நிறைய. அங்கே வளர்க்கும் கலப்பினக் கெராப்பு, புலிக் கெராப்புக்கும் ராட்சதக் கெராப்புக்கும் பிறந்தது, சபா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, சில சமயம் கூண்டிலிருந்து தப்பி வந்து தூண்டிலில் மாட்டும். அது இந்தக் கடலில் தானாகத் தோன்றியது இல்லை, திரும்ப விடுவதால் கடலுக்கு ஒரு நன்மையும் இல்லை, சட்டிக்கு அருமையான மீன். அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பாரி மீனை, அதாவது திருக்கையை, அநேகமாக விட்டுவிடுவார். திருக்கை முட்டையிடாது, குட்டி போடும், அதுவும் சில குட்டிகள்தான். வாலை ஈரச்சாக்கால் மூடி, படகுக்குள் ஏற்றாமலேயே முள்ளைக் கழற்றிவிடுகிறார்.

இன்னொன்று, படகில் எப்போதும் ஒரு பெரிய ஃபிளாஸ்க் வெந்நீர் இருக்கிறது. நான் காபிக்கு என்று நினைத்தேன். செம்பிலாங்கோ (விஷமுள் உள்ள கடல் கெளுத்தி) பாரியோ குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் கையைத் தண்ணீருக்குள் வைத்திருக்க வேண்டும், விஷத்தின் வீரியம் சூட்டில் குறையும். பிறகு மருத்துவமனைக்குப் போகலாம். விடுவதாக இருந்தாலும் வைப்பதாக இருந்தாலும் மீனைக் கையால் தொடுகிற தொழிலுக்கு இது அவசியம். வேறு படகுகளில் நான் பார்த்ததில்லை.

குறைகளைச் சொல்கிறேன். கழிவறை இல்லை. ஆண்கள் சமாளித்துவிடுவார்கள், ஆறு மணி நேரம் கடலில் பெண்கள் என்ன செய்வது? கேட்டால் அமான் தீவுப் படகுத்துறையில் நிறுத்துகிறார், முகம் சுளிக்காமல் நிறுத்துகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. பயணத்தின் நடுவில் தானாகவே ஒரு நிறுத்தம் வைத்துவிட்டால் நன்றாக இருக்கும். நிழல் கூரை தெக்கோங் தலைக்கு மேலே மட்டும்தான். முன்பக்கம் உட்கார்ந்தால் வெயில் நேராக அடிக்கும், அப்பா வயதுக்காரர்களுக்குக் கஷ்டம். மும்முள் மாட்டிய செயற்கை மீன் போட விடமாட்டார், ஒற்றை முள்ளாக மாற்றித்தான் போட வேண்டும். தம்பிக்கு இதில் மனத்தாங்கல். எனக்கு இல்லை, மும்முள் மீனின் கண்ணில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு கிடையாது, படகுத்துறைக்கு வரும் வழியில் நாசி லெமாக் வாங்கிக்கொள்ளுங்கள்.

வானிலை விஷயத்தில் நம்பலாம். விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்று எவ்வளவு திடீரென்று கிளம்பும் என்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் ஐந்து மணிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். முன்பணத்தைக் கேட்காமலேயே அன்றைக்கே திருப்பி அனுப்பினார்.

புரட்டாசியில் அப்பா தூண்டிலைத் தொடுவதில்லை. விடுவதற்காகப் பிடித்தாலும் நோவு நோவுதான் என்பது அவர் கொள்கை. தம்பி அந்த மாதம் இதே படகில், ஐஸ் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நண்பர்களோடு போகிறான். இரண்டு வகை ஆட்களுக்கும் தெக்கோங் ஒரே மாதிரி பதில் சொல்கிறார், யாரையும் மாற்றப் பார்ப்பதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அன்றைக்குக் கொண்டுவந்த 61 செண்டிமீட்டர் மீனில் அம்மா தலையை வெண்டைக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தார், நடுத்துண்டுகளைப் பொரித்தார். மறுநாள் எடுத்த துண்டிலும் சதை உதிராமல் நின்றது. நாலு பேருக்கு இரண்டு வேளை வந்தது. ஒரு மீன் போதுமாக இருந்தது.

நிறைய மீன் அள்ளிக்கொண்டு போய் அக்கம்பக்கத்தில் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படகு சரிப்படாது, வீண் மனஸ்தாபம்தான் மிஞ்சும். குடும்பத்தோடு போகிறவர்களும், புதிதாகப் பழகுகிறவர்களும், மீனை விடுவதென்றால் பிழைக்கும்படி விட வேண்டும் என்று நினைப்பவர்களும் தாராளமாகப் போகலாம். சனி, ஞாயிறுக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். போனில் பேசும்போது உங்களோடு வரும் பெரியவரிடமும் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், 80 செண்டிமீட்டர் கணக்கு அப்போதே தெரிந்துவிடும்.